30 கண்ணி 41 ஆனது ஏன், பரீட்சை நேரத்தில் பின்னல் உதவுமா

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அக்கவுண்டிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நவம்பர் பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம், ராத்திரி தூக்கம் வருவதில்லை. வகுப்புத் தோழி ஒருத்தி "ஊசியும் நூலும் வாங்கிப் பின்னிப் பார், மனசு லேசாகும்" என்றாளாம். கடைக்குப் போய், பார்க்க அழகாக இருந்தது என்று கறுப்பு நிறத்தில் பஞ்சு பறக்கும் மொஹேர் நூலை வாங்கி, வீடியோ பார்த்து 30 கண்ணி (ஊசியில் ஏறும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) ஏற்றி, நாலு நாள் பின்னியிருக்கிறார். அந்த 30 எப்படியோ 41 ஆகிவிட்டது, நடுநடுவே ஓட்டை வேறு. கோபத்தில் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டாராம். "இருந்த டென்ஷன் போதாதென்று இது ஒன்று. நிஜமாகவே உதவுமா, இல்லை சும்மா சொல்கிறார்களா? அப்பா பார்த்தால் சிரிப்பார்" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, முதலில் அந்த 11 கண்ணி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மனசு லேசாவதைப் பற்றிப் பேசினால் உங்களுக்கு இன்னும் எரிச்சல்தான் வரும்.

வழக்கமாக இரண்டு இடத்தில்தான் கண்ணி திருட்டுத்தனமாகக் கூடும். ஒன்று, வரிசையின் முதல் கண்ணி. ஊசியைத் திருப்பிப் பிடித்ததும் நூல் எங்கே தொங்குகிறது என்று பார்க்காமல் அதை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்பக்கம் இழுத்துவிடுவோம். அப்படி இழுத்தால் அடியில் இருக்கும் பழைய வரிசையும் சேர்ந்து மேலே ஏறி, ஒரு கண்ணிக்கு இரண்டு கால் இருப்பதுபோல் ஊசியில் உட்கார்ந்துகொள்ளும். புதிதாகப் பின்னுபவர் அந்த இரண்டு காலையும் இரண்டு கண்ணி என்று நினைத்துத் தனித்தனியாகப் பின்னுவார். ஒவ்வொரு வரிசைக்கும் இப்படி ஒன்று கூடும், ஓரம் சாய்ந்துகொண்டே போகும். இதற்கு மருந்து சுலபம்: வரிசையைத் தொடங்கும் முன் நூலைக் கீழே இழுத்து, முதல் கண்ணி ஒற்றையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஊசிக்கு அடியாகப் பின்னால் கொண்டுபோங்கள்.

இரண்டாவது, உங்கள் ஓட்டைகள். நிட் கண்ணி, அதாவது நீங்கள் முதலில் கற்ற அடிப்படைக் கண்ணி, போடும்போது நூல் ஊசிக்குப் பின்னால் இருக்க வேண்டும். இடையில் போன் அடித்து, கீழே வைத்து, திரும்ப எடுக்கும்போது நூல் முன்பக்கம் வந்துவிட்டால், அடுத்த கண்ணி போடும்போது அது ஊசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போகும். அடுத்த வரிசையில் அந்தச் சுற்று ஒரு கண்ணியாகிவிடும், அதன் அடியில் ஓட்டை. லேஸ் வேலையில் இதையே வேண்டுமென்று செய்வோம், நீங்கள் தெரியாமல் லேஸ் பின்னியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் ஏன் உங்கள் கண்ணில் படவில்லை? கறுப்பு மொஹேர் வாங்கியதால். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது, அதுவும் ஹாஸ்டல் டியூப் லைட்டில் எனக்கே தெரியாது, நான் 25 வருடத்துக்கு மேலாகப் பின்னுகிறவள். மொஹேரில் உள்ள மெல்லிய ரோமம் ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதால் கண்ணிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது, தப்பாகப் போனால் உருவி எடுக்கவும் விடாது. தோழி சொன்ன யோசனையில் தப்பில்லை. கடைக்காரர்தான் உங்களிடம் "முதல் தடவையா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மொஹேர் இந்த நாட்டின் பெருமை, அதையும் சொல்லிவிடுகிறேன், வாங்கிய பாவம் உங்களோடு போகட்டும். உலகத்து மொஹேரில் ஏறக்குறைய பாதி தென்னாப்பிரிக்காவிலிருந்துதான் போகிறது, பெரும்பாலும் கிழக்கு கேப் மாகாணத்தில் காரூ என்ற வறண்ட பக்கத்திலிருந்து. மொஹேர் ரோமம் தரும் அங்கோரா ஆடுகள் இங்கே வந்தது 1838-ல், துருக்கியிலிருந்து. அந்த ஆட்டை வெளியாருக்குக் கொடுக்க மனமில்லாமல், அனுப்பிய கடாக்களையெல்லாம் காயடித்து அனுப்பினார்களாம். கூட வந்த ஒரே ஒரு பெட்டை வழியிலேயே ஒரு கடாக்குட்டி போட, அதிலிருந்து பெருகியதுதான் இங்குள்ள மந்தை என்று சொல்வார்கள். நல்ல நூல்தான். இரண்டு வருடம் கழித்து வாங்குங்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். உதவும். ஆனால் எதனால் உதவும் என்பதில் நிறையப் பேர் சொல்வதோடு எனக்கு ஒப்புதல் இல்லை. "அமைதியான வேலை, அதனால் மனசும் அமைதியாகும்" என்பார்கள். ஆரம்பத்தில் அது அமைதியான வேலையே இல்லை, நீங்களே பார்த்தீர்கள். நான் கண்டது வேறு. இது பிரிக்கக்கூடிய வேலை. தப்பாகப் போனால் உருவிவிடலாம், நூல் அப்படியே திரும்பக் கையில் வரும். படிக்கிற காலத்தில் வேறு எதில் இது நடக்கிறது? எழுதிக் கொடுத்த பேப்பரைப் பிரிக்க முடியுமா? ஒரு பாடத்தில் 43 வாங்கினால் அது 43-தான், அப்பா கண்ணிலும் படும். பின்னலில் மட்டும் நாலு நாள் வேலையை ஒரு நிமிடத்தில் அழித்துவிட்டு, கையில் அதே அளவு நூலோடு, அதே 30 கண்ணியை மறுபடி ஏற்றலாம். யாரும் மார்க் போடப்போவதில்லை.

இது எனக்கு எப்படிப் புரிந்தது என்றால், நான் 1996-ல் நாகர்கோவில் பக்கத்திலிருந்து இங்கே எம்.எஸ்ஸி. படிக்க வந்தவள். வெஸ்ட்வில் வளாகம். அப்போது அது டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம், 2004-ல்தான் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. கெமிஸ்ட்ரி. என் ரியாக்‌ஷன் ஏழு மாதம் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குடுவைக்கு அடியில் அதே தார் மாதிரி ஒரு கறுப்புப் பிசுக்கு. டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்தேன், வீட்டுக்காரம்மாவை எல்லோரும் ஆயா என்று கூப்பிடுவார்கள். எழுபது வயதிருக்கும். துணி ஃபேக்டரியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் வீட்டிலேயே பின்னல் மிஷின் போட்டு, தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஜெர்சி அடித்துக் கொடுத்தவர். இங்கே ஸ்வெட்டரை ஜெர்சி என்றுதான் சொல்வார்கள், உங்களுக்கு இந்நேரம் பழகியிருக்கும். அவருக்குத் தமிழ் பேச்சாகப் பெரிதாக வராது. தேவாரம் பாடுவார், 'சோறு தின்னியா' கேட்பார், திட்டுவதற்கு நாலு வார்த்தை தெரியும், மீதி எல்லாம் இங்கிலீஷ். அவரும் நானும் பேசிக்கொண்டதைவிட, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம்.

ஒரு சாயங்காலம் நான் பின்னியதைக் கொண்டுபோய்க் காட்டினேன். முக்கால் அடி இருக்கும், எனக்குப் பெருமை. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, துணியை முழங்கால்மேல் விரித்து, கட்டைவிரலால் நீவிக்கொண்டே வந்தார். அடியிலிருந்து ஒன்பதாவது வரிசையில் விரல் நின்றது. ஒரு கண்ணி திருகியிருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை. ஒன்றும் சொல்லவில்லை. ஊசியை உருவினார். நூலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். பிர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், வரிசை வரிசையாகக் கழன்று வரும்போது, அந்தச் சத்தம் எனக்கு வயிற்றில் கேட்டது. மூன்று வார வேலை. கழன்ற நூல் நூடுல்ஸ் மாதிரி சுருள் சுருளாக அவர் மடியில் குவிந்தது. அதை உருட்டிக் கண்டாகச் சுற்றி, என் கையில் வைத்து, "சேம் வூல்" என்றார். பிறகு அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கு அழுதேன், பொய் சொல்வானேன். ஆனால் அடுத்த திங்கட்கிழமை குடுவையில் மறுபடி அந்தக் கறுப்புப் பிசுக்கைப் பார்த்தபோது முதல் தடவையாக நெஞ்சு அடைக்கவில்லை. கழுவிவிட்டு, கரைப்பானை மாற்றிப் போட்டேன். அதிலும் வரவில்லை என்பது வேறு கதை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கணக்குப் படிக்கிறவர், எண் இல்லாமல் நம்பமாட்டீர்கள். 2013-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபியில் ஜில் ரைலி, பெட்சன் கார்க்ஹில், கிளேர் மோரிஸ் மூவரும் ஒரு கட்டுரை போட்டார்கள். பல நாடுகளில் பின்னல் போடும் 3,545 பேரிடம் கேட்டு எழுதியது. அடிக்கடி பின்னுகிறவர்கள் தங்களை அமைதியாகவும் சந்தோஷமாகவும் உணர்வதாகச் சொன்னார்கள், எவ்வளவு அடிக்கடியோ அவ்வளவு அதிகம். இதை எல்லோரும் எடுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், நான் அதை அப்படியே விழுங்கமாட்டேன். கேட்டதே பின்னலில் ஆசை உள்ளவர்களிடம். கோயில் வாசலில் நின்று "சாமி கும்பிட்டால் நிம்மதியா" என்று கேட்ட மாதிரி. கட்டிலுக்கு அடியில் எறிந்த உங்களை மாதிரி ஆட்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. 2009-ல் கனடாவில் இன்னொன்று, உணவுக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்த 38 பெண்களுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தார்கள், அதில் 74 சதவீதம் பேர், மனதை அரிக்கும் பயமும் எண்ணமும் குறைந்ததாகச் சொன்னார்கள். எனக்கு இதில்தான் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை, ஏனென்றால் அவர்கள் ஆசைப்பட்டு ஊசி வாங்கியவர்கள் இல்லை. ஆனால் 38 பேர்தான், பின்னாமல் சும்மா இருந்த கூட்டத்தோடு ஒப்பிடவும் இல்லை.

ஆராய்ச்சியை விடுங்கள், நம் வீட்டுப் பெண்களைப் பாருங்கள். பூத் தொடுப்பவர்கள் கையைக் கவனித்திருக்கிறீர்களா? வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும், கை பாட்டுக்கு இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கம்பிக் கோலம் போடுகிறவர் புள்ளியை எண்ணிக்கொண்டே போகும்போது வேறு நினைப்பு உள்ளே நுழைய இடம் கம்மி. பின்னலும் அந்த ஜாதிதான். தலைக்குப் பாதி வேலை, கைக்கு முழு வேலை. "ஃபெயிலாகிவிட்டால் என்ன ஆகும்" என்று சுற்றிச் சுற்றி வரும் நினைப்புக்கு, "பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது" என்ற எண் குறுக்கே நிற்கும். அப்புறம் சாதாரணமான காரணம் ஒன்று, இதை யாரும் எழுதுவதில்லை: இரண்டு கையிலும் ஊசி இருந்தால் போனைத் தொட முடியாது.

அப்பா சிரிப்பார் என்றீர்களே. சிரித்தால் அவர் சட்டைக்குள் போட்டிருக்கும் பனியனைக் காட்டுங்கள். வேட்டி நெய்தது, பாவும் ஊடையும் என்று இரண்டு நூல் குறுக்கும் நெடுக்கும் போவது, அதனால் இழுத்தால் நீளாது. பனியன் பின்னியது, ஒரே நூல் கண்ணி கண்ணியாக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து போவது, அதனால்தான் இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்குகிறது. நீங்கள் ஊசியில் செய்வதைத்தான் திருப்பூரில் வட்ட மிஷின் செய்கிறது, அங்கே அந்த மிஷினை ஓட்டுகிறவர்களில் ஆண்களும் உண்டு. பனியனின் வெளிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள், சின்னச் சின்ன ஜடைகள் மேலிருந்து கீழே வரிசையாக ஓடும். அது நிட் கண்ணி. உள்பக்கம் திருப்பினால் அரிசி மணி மாதிரி மேடு மேடாக இருக்கும், அது பர்ல் கண்ணி. இரண்டும் வேறுவேறு இல்லை, ஒரே கண்ணியின் முன்னும் பின்னும். இதை வீடியோக்களில் சொல்லாமலே அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். இது மண்டையில் ஏறிவிட்டால் பாதிப் பின்னல் வந்த மாதிரி.

எங்கள் ஊர்க் கடற்கரையில் வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் யார்? மீசை வைத்த ஆம்பிளைகள். கண்ணி என்ற சொல்லே வலையிலும் அதுதான். ஐரோப்பாவில் கையால் பின்னுவதைத் தொழிலாகச் செய்த சங்கங்களில் இருந்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான், 1589-ல் காலுறை பின்னும் மிஷினை முதலில் கண்டுபிடித்த வில்லியம் லீ இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். நாகர்கோவிலில் எங்கள் பாட்டி காலத்துப் பெண்கள் கையில் லேஸ் வேலை வந்து சேர்ந்ததும் மிஷன் வழியாக, மார்த்தா மால்ட் என்ற அம்மையார் சொல்லிக்கொடுத்து. பாட்டி போட்ட தலையணை லேஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் ஆயா என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இனி, என்ன வாங்குவது. வெளிர் நிறத்தில், முறுக்கு நன்றாக உள்ள, வழவழப்பான நூல். தடிமன் டபுள் நிட் என்னும் மிதமான வகை. ஊசி 4 மில்லிமீட்டர், மூங்கில். அலுமினியம் வழுக்கும், அதோடு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டிக் டிக் என்று சத்தம் போட்டால் ரூம்மேட் உங்களைக் கொன்றுவிடுவார். யாராவது பாட்டி வைத்திருந்த பழைய ஊசி கிடைத்தால் அதில் 8 என்று போட்டிருக்கும், 8 மில்லிமீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள், அது பழைய பிரிட்டிஷ் எண், அதுதான் 4 மில்லிமீட்டர். அந்த முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும், 14 என்றால் 2 மில்லிமீட்டர். ஊசி வாங்கக் காசில்லை என்றால், பிராய் என்னும் கரி நெருப்பு விருந்துக்கு இறைச்சி கோக்கும் சோசாட்டி குச்சியில் தடிமனானதாக இரண்டு எடுத்து, உப்புக்காகிதத்தில் வழவழப்பாகத் தேய்த்து, ஒரு முனையில் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். என்னிடம் படிக்க வந்த பிள்ளைகளில் இரண்டு பேர் அப்படித்தான் ஆரம்பித்தார்கள்.

அக்ரிலிக்கா, கம்பளியா, பருத்தியா? டர்பனில் இருக்கிறீர்கள். ஜூலையிலேயே பகலில் 22, 23 டிகிரி. அக்டோபர், நவம்பரில் மடியில் கம்பளியை வைத்தால் வேர்வையில் நூல் ஊசியில் ஒட்டும். பருத்தி நூல் எடுங்கள், ஒரு பெரிய கண்டு போதும், ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சாவில் கால் பங்கு சாப்பிடும் காசுக்குள் முடித்துவிடலாம், பெரிய கடைகளில் தள்ளுபடிக் கூடையில் கிளறினால் இன்னும் மலிவு. பருத்திக்கு ஒரு குறை, கம்பளி மாதிரி இழுவை இருக்காது, கை சீக்கிரம் வலிக்கும். எப்படியும் கம்பளி சேர்த்து வைக்கும் ஊர் இல்லை இது, புழுக்கத்தில் பூச்சி வைத்து ஆறு மாதத்தில் சல்லடையாக்கிவிடும்.

மஃப்ளர் மட்டும் பின்னாதீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் பின்னச் சொல்வார்கள், சுலபமாம். கணக்குப் போடுங்கள்: 40 கண்ணி அகலம், ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று வரிசை, ஒன்றரை மீட்டர் நீளம் என்றால் 450 வரிசை, 18,000 கண்ணி. பரீட்சை முடிந்து, ரிசல்ட் வந்து, அடுத்த செமஸ்டரும் வந்துவிடும், அது முடியாது. முடியாமல் கிடக்கும் வேலை இன்னொரு பாரம். 20 சென்டிமீட்டர் சதுரம் போடுங்கள். 44 கண்ணி, எல்லா வரிசையும் நிட் மட்டும், ஏறக்குறைய 80 வரிசை. மொத்தம் 3,500 சொச்சம் கண்ணி. தினமும் நாலு வரிசை போட்டால் மூன்று வாரத்தில் முடியும். முதல் சதுரம் பாத்திரம் துடைக்க. கோணலாக இருந்தாலும் பாத்திரத்துக்குத் தெரியாது.

சதுரம் நன்றாக வர ஆரம்பித்துவிட்டால் அதற்கு ஒரு போக்கிடமும் இந்த நாட்டில் இருக்கிறது. மண்டேலா பொதுவாழ்வில் இருந்த 67 வருடத்தைக் கணக்கு வைத்து, அவருடைய உதவியாளராக இருந்த செல்டா லா கிரேஞ்ச் 2013 கடைசியில் கேரோலின் ஸ்டெயின் என்பவரிடம், 67 போர்வை பின்னித்தர முடியுமா என்று சவால் மாதிரிக் கேட்டார். அந்த அம்மா ஃபேஸ்புக்கில் உதவி கேட்க, அது நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள், முதியோர் இல்லங்கள், சிறையில் இருப்பவர்கள் வரை பின்னினார்கள். சதுரங்களை ஒன்றோடொன்று தைத்துப் போர்வையாக்குவார்கள், பிறகு அந்தப் போர்வைகள் குளிரில் கிடப்பவர்களுக்குப் போகும். ஜூலை 18 மண்டேலா நாளை ஒட்டிச் சேர்ப்பார்கள். டர்பனில் உட்கார்ந்து அந்தக் குளிர் நமக்குப் புரியாது, ஜூலை மாத ராத்திரியில் ஜோஹன்னஸ்பர்க்கில் ரோபோ பக்கத்தில் நிற்கும் பையனைப் பார்த்தால் புரியும். ரோபோ என்றால் டிராஃபிக் சிக்னல், படிக்கும் ஊர்க்காரர்கள் பயந்துவிட வேண்டாம்.

எப்போது பின்னுவது? படுக்கப்போகும் முன் இருபது நிமிடம், நாலு வரிசை. கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஒரு கட்டத்துக்குப் பிறகு இது கள் மாதிரி, "இன்னும் ஒரே ஒரு வரிசை" என்று ஒரு மணி ஆகிவிடும். படிப்பைத் தள்ளிப்போட இதைவிட நல்ல சாக்கு கிடையாது, பார்க்க உழைப்பு மாதிரியே இருக்கும். என் தீசிஸின் மூன்றாவது அத்தியாயம் தாமதமானதற்கு ஒரு குழந்தைப் போர்வைதான் காரணம், பேராசிரியரிடம் வேறு காரணம் சொன்னேன். பரீட்சை நடக்கும் வாரங்களில் புது டிசைன் எதையும் தொடாதீர்கள், கை அறிந்ததை மட்டும் பின்னுங்கள். இன்னொன்று, மூன்று மணி நேரம் பேனா பிடித்து எழுதும் கை அது. கட்டைவிரலின் அடியிலோ மணிக்கட்டிலோ வலி தெரிந்தால் அன்றைக்கு ஊசியை வைத்துவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு பின்னக் கூடாது.

லெக்சரில் பின்னலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கேட்டுக்கொண்டே கிறுக்குவது கவனத்துக்கு உதவும் என்பதற்கு ஜாக்கி ஆண்ட்ரேட் செய்த ஒரு சின்னச் சோதனை உண்டு, 40 பேர், சலிப்பூட்டும் போன் பேச்சைக் கேட்டுக்கொண்டே காகிதத்தில் இருந்த வடிவங்களை நிழலிட்டவர்கள் சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். பின்னலுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். வெறும் பேச்சாகப் போகும் வகுப்பில், ஊசியைப் பார்க்காமல் நிட் வரிசை போட வந்த பிறகு, ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம். டெபிட் கிரெடிட் போடும் வகுப்பில் வேண்டாம், கை இரண்டுதான் இருக்கிறது. டாக்ஸியிலும் நீள ஊசி வேண்டாம், பதினைந்து பேரை நெருக்கி ஏற்றிய வண்டியில் பக்கத்தில் இருப்பவர் விலாவில் குத்தும். நடுவில் வயர் வைத்த வட்ட ஊசி அதற்குத்தான்.

பார்க்காமல் பின்னுவது வருமா என்று சந்தேகப்பட வேண்டாம். 2023-ல் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) ஸ்டேஜ் 6 என்று தினமும் பல மணி நேரம் இருட்டில் கிடந்தோமே, என் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு விரலால் கண்ணியைப் படிக்க வந்தது அப்போதுதான். கராஜில் ஒரே ஒரு மெழுகுவத்தி, ஏழு பேர், பேச்சே இல்லை, ஊசிச் சத்தம் மட்டும். மின்சாரத் துறையைத் திட்டாத சாயங்காலம் அந்த வருடத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிரிப்பதைப் பற்றி ஒரு உபாயம். பயமாக இருந்தால் பத்து வரிசைக்கு ஒருமுறை வேறு நிறத் தையல் நூலைச் சணல் ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் அத்தனை கண்ணிக்குள்ளும் ஓட்டி அப்படியே விட்டுவிடுங்கள், காப்புக் கட்டுகிற மாதிரி. மேலே எங்காவது தப்பினால் ஊசியை உருவி இழுங்கள், அந்த நூலோடு நின்றுவிடும். உருவிய நூல் சுருண்டிருந்தால் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிடுங்கள், பருத்தியும் கம்பளியும் காய்ந்ததும் ஓரளவு நிமிர்ந்துகொள்ளும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். 44 இல்லையென்றால் அந்த ஒரு வரிசையைத்தான் தேட வேண்டும், நாலு நாளைத் தேட வேண்டாம். பேங்க் கணக்கை நம் கணக்கோடு ஒத்துப் பார்க்கும் பேங்க் ரீகன்சிலியேஷனை மாதக் கடைசியில் செய்யாமல் தினமும் செய்கிற மாதிரி, உங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்.

கடைசியாக, தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாளாக என்று எழுதவில்லை. இரண்டு மூன்று வாரம் தாண்டி, சாப்பாடும் பிடிக்காமல், காலையில் எழவே மனசில்லாமல் இருந்தால் அதற்குப் பின்னல் மருந்து இல்லை, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வளாகத்தில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சடாக் என்று எல்லோரும் சொல்லும் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற அமைப்புக்கு இலவசப் போன் உதவி உண்டு, ராத்திரியிலும் எடுப்பார்கள். நான் மூன்றாவது அத்தியாய சமயத்தில் அப்படி ஒருவரிடம் போனேன், போர்வையையும் கூடவே எடுத்துக்கொண்டு.

கட்டிலுக்கு அடியில் கிடக்கும் அந்தக் கறுப்பு மொஹேரை இப்போது தொடவேண்டாம். நவம்பர் கடைசிப் பேப்பர் முடிந்த அன்றைக்கு அதை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வையுங்கள். குளிரில் ரோமம் விறைத்துக்கொள்ளும், காலையில் எடுத்துக் கண்ணி கண்ணியாக மெதுவாக இழுத்தால் முன்பைவிடச் சுலபமாகப் பிரிந்து வரும். கோழிக்குப் பக்கத்தில் கறுப்பு முடிக் கொத்து என்ன செய்கிறது என்று ரூம்மேட் கேட்பார். அவருக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை, எங்கள் வீட்டிலும் கேட்கிறார்கள்.